ஆழங்குறைந்த பவளப்பாறையின் நலத்தை எந்த முறையில் அளப்பது?

ஒரு பவளப்பாறையின் பரப்பில் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு உயிருள்ள பவளம் இருக்கிறது என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்தப் பாறை நலமாக இருக்கிறதா என்பது அதிலிருந்து தெரிந்துவிடாது. 2022-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் ஏறத்தாழ இதே அளவுதான் பதிவாயிற்று. அங்குக் கண்காணிப்புத் தொடங்கி அதுவரை கடந்த 36 ஆண்டுகளில் அதுவே மிக உயர்ந்த அளவு. ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும்பங்கு அக்ரோபோரா என்னும், வேகமாக வளரும் கிளைப்பவளங்களால் வந்தது. கடல்நீர் வெப்பம் மிகும்போதும், புயல் அடிக்கும்போதும், பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன் பெருகும்போதும் முதலில் அழிபவை அவையே. அதே திட்டில் 1985-இல் 28 விழுக்காடாக இருந்த பவளப்பரப்பு 2012-க்குள் 13.8 விழுக்காடாகச் சரிந்தது என்று ஓர் ஆய்வு காட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் எண்ணைவிட அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதும், எந்தப் பவளத்தால் அது ஏறியது என்பதும் அதிகம் சொல்கின்றன என்பது விளங்கும்.

ஆகவே அளவைமுறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைபவர், கிடைக்கப்போகும் எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புப் பகுதியின் எல்லையை எங்கே வரைவது என்பது ஒரு கேள்வி. சென்ற ஐந்தாண்டில் பாறை தேய்ந்ததா, தேறியதா என்பது வேறு கேள்வி. இந்த மாதம் வெண்மையாகத் தெரியும் பவளங்கள் எதனால் அப்படி ஆயின என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கு அகலமான பார்வை வேண்டும். இரண்டாவதற்கு ஒரே இடத்தை ஒரே விதமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒழுங்கு வேண்டும். மூன்றாவதற்குப் பாறைக்கு ஒரு முழம் அருகே போய் நிற்கும் கண் வேண்டும். மூன்றையும் ஒருசேர நன்றாகச் செய்யும் முறை எதுவும் இல்லை. பத்து மீட்டருக்குட்பட்ட ஆழத்தில் உள்ள ஒரு பாறை, நீரில் இறங்கத் தெரிந்த நான்கைந்து பேர், ஆண்டுக்குச் சில நாள்கள்: இந்த நிலையில் இருக்கும் ஒரு குழுவை மனத்தில் வைத்தே கீழ்க்கண்ட ஒப்பீட்டைச் செய்கிறேன். பெரும்பாலான பாறைகளுக்குக் கிடைக்கும் ஆள்பலம் அவ்வளவுதான்.

மேலிருந்து தொடங்குவோம். செயற்கைக்கோள் படத்தின் கவர்ச்சி பெரிது. நீரில் இறங்காமலே முழுப் பாறையும் கண்முன் விரிகிறது. சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்களில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர் சதுரம். ஐந்து நாளுக்கொருமுறை புதிய படம் வருகிறது. பணம் கொடுக்க வேண்டியதில்லை. உலகின் ஆழங்குறைந்த பவளப்பாறைகள் அனைத்தையும் வரைபடமாக்கிய ஆலன் கோரல் அட்லஸ் 2021-இல் நிறைவுற்றது. ஆனால் அந்த வரைபடத்தின் வகைப்பாட்டைக் கவனித்தால் இந்த முறையின் எல்லை தெரிந்துவிடும்: கடலடிப் பரப்பை மணல், பாறை, உடைகல், கடற்புல் என்றெல்லாம் பிரித்துக் காட்டும் அது, பவளத்தையும் பாசியையும் ஒரே வகையாகவே வைத்திருக்கிறது. இதைத் தயாரித்தவர்களின் கவனக்குறைவு என்று கொள்ளக்கூடாது. நேர்மை என்றே கொள்ள வேண்டும். சிவப்பொளியை முதற்சில மீட்டர் நீரே உறிஞ்சிவிடுகிறது. எஞ்சிய நீலப்பச்சை ஒளியில், உயிருள்ள பழுப்புநிறப் பவளமும் செத்த பவளத்தின்மேல் படர்ந்த பழுப்புநிறப் பாசியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிகின்றன. பவளப்பாறையின் நலத்தைக் குறித்த முதற்கேள்வியே பவளமா பாசியா என்பதாக இருக்கும்போது, அந்த இரண்டையும் பிரிக்க இயலாத முறையை நலம் அளக்கும் கருவியாகக் கொள்ள முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க அதைப் போன்ற துணை வேறில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிரோன் படங்களில் சில சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். காற்றில்லாத காலை, தாழ்ந்த நீர்மட்டம், சாய்ந்த வெயில் ஆகிய மூன்றும் ஒருசேர வாய்க்கும் நாளில், இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள பாறைமேட்டை அது அழகாகப் படம்பிடித்துவிடும். அலையின் பளபளப்பு வந்துவிட்டால் அன்றைய வேலை வீண்.

செயற்கைக்கோளின் இன்னொரு பயனைத் தனியே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் நோவா நிறுவனம் வெளியிடும் வெப்பச்சுமைக் கணக்கு, ஓரிடத்தின் கடல்நீர் அங்கு வழக்கமாக மிக வெப்பமான மாதத்தின் சராசரியைவிட ஒரு டிகிரியோ அதற்கு மேலோ உயர்ந்திருந்த வாரங்களில் அந்த மிகுதி டிகிரிகளைக் கடைசிப் பன்னிரண்டு வாரங்களுக்குக் கூட்டிச் சொல்கிறது. இரண்டு டிகிரி மிகுதியாக இரண்டு வாரம் இருந்தால் கணக்கு 4 ஆகும். 4-ஐத் தொட்டால் வெளிறலையும் (பவளம் நிறமிழந்து வெண்மையாதல்), 8-ஐத் தொட்டால் பரவலான வெளிறலோடு சாவையும் எதிர்பார்க்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் சதுரத்துக்கு ஓர் எண் என்பதால், கரையோரத்துத் தேங்குநீரில் வெப்பம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பாறையடியில் ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கட்டிவைப்பது அந்தக் குறையை நீக்கும். இந்தக் கணக்கை மணியோசையாகக் கொள்ளலாம்: எப்போது நீரில் இறங்க வேண்டும் என்பதை அது சொல்லும், இறங்கினால் என்ன காண்போம் என்பதை இறங்கியே அறிய வேண்டும்.

அடுத்தது மேன்டா இழுவை. சிறு படகின் பின்னே கட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நீர்மட்டத்தில் இழுபட்டுச் செல்வார். இரண்டு நிமிடத்துக்கொருமுறை படகு நிற்க, அதுவரை கண்ட பரப்பில் உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, முட்கிரீட நட்சத்திர மீன் எத்தனை என்று எழுதுவார். ஒரு நாளில் கிலோமீட்டர் கணக்கில் பாறையின் விளிம்பைச் சுற்றிவிடலாம். பவளத்தின் அளவைப் 'பதினொன்று முதல் முப்பது விழுக்காடு' என்பதுபோன்ற அகன்ற வகைகளில்தான் குறிக்கிறார்கள். ஆகவே சிறு மாற்றங்கள் இதில் அகப்படா. பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்கு ஏறிய இடமும் அதே வகையில்தான் இருக்கும். என்றாலும், கோடு போட்டு அளக்கும் முறைகள் தவறவிடுகிற ஒன்றை இது பிடிக்கும்: பாறையின் ஒரு மூலையில் மட்டும் தொடங்கியிருக்கும் நட்சத்திர மீன் பெருக்கத்தையும், ஒரு பக்கத்தை மட்டும் உடைத்துவிட்டுப் போன புயலின் சேதத்தையும். பாறை பெரிதாக இருந்து, படகும் கைவசம் இருந்தால், முதலாண்டில் ஒருமுறையாவது இப்படிச் சுற்றிவருவது நல்லது.

இனி நாடாவைப் பிடித்துக்கொண்டு செய்யும் அளவைகள். நிலத்துத் தாவரவியலிலிருந்து வந்த இந்தப் பழக்கத்தைச் செங்கடலின் எய்லாத் பகுதிப் பாறைகளில் யொசி லோயா 1972-இல் கையாண்டு காட்டிய பிறகு, அது உலகெங்கும் பரவியது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், பாறைமேல் கோடாக விரித்த அளவு நாடாவின் கீழே வரும் ஒவ்வொரு பவளமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள். இரண்டாம் வகையில், நாடாவில் அரை மீட்டருக்கொரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அந்தப் புள்ளியின் நேர்கீழே இருப்பது எதுவென்று மட்டும் எழுதுவார்கள். தன்னார்வலர்களைக் கொண்டு 1997 முதல் உலகளாவிய அளவைகளை நடத்திவரும் ரீஃப் செக் அமைப்பு இரண்டாம் வகையையே கையாள்கிறது: இருபது மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகள், துண்டுக்கு நாற்பது புள்ளிகள், மொத்தம் 160.

நுணுக்கத்தை விரும்புகிறவர்கள் முதல் வகையின் பக்கம் சாய்வார்கள். நான் சாயமாட்டேன். 160 புள்ளிகளில் பவளம் முப்பது விழுக்காடு என்று வந்தால், புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே காரணமாக எழும் பிழை ஏறத்தாழ ஏழு விழுக்காட்டுப் புள்ளி இருபுறமும் இருக்கும். சென்டிமீட்டர் கணக்கில் அளந்தால் இந்தப் பிழை குறையும் என்பது உண்மை. ஆனால் அதே பாறையில் பத்து மீட்டர் தள்ளி இன்னொரு கோடு போட்டால் பவளம் பதினைந்தாகவோ நாற்பத்தைந்தாகவோ வரக்கூடும். பவளங்கள் கூட்டங்கூட்டமாக வளரும் இயல்புடையவை. கோட்டுக்குக் கோடு வரும் இந்த வேறுபாட்டை, ஒரே கோட்டை எவ்வளவு பொறுமையாக அளந்தாலும் குறைக்க இயலாது. கோடுகளைக் கூட்டினால்தான் குறையும். நீருக்கடியில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை ஒரு கோட்டைத் துல்லியமாக்கச் செலவிடுவதைவிட, விரைவாக மூன்று கோடுகளை அளக்கச் செலவிடுவதே மேல். அலை இழுத்து நாடாவை அசைத்துக்கொண்டிருக்கும் மூன்று மீட்டர் ஆழத்தில் சென்டிமீட்டர் துல்லியம் என்பது தாளில் மட்டுமே வாழ்வது என்பதை, ஒருமுறை முயன்று பார்த்தவர் அறிவார்.

நிழற்பட அளவை இந்த வாதத்தை இன்னும் ஒரு படி எடுத்துச் செல்கிறது. நாடாவின் ஓரமாக, பாறையிலிருந்து மாறாத உயரத்தில் நீந்தியபடி வரிசையாகப் படமெடுத்து, கரைக்கு வந்தபின் ஒவ்வொரு படத்திலும் சில புள்ளிகளைத் தூவி, அவற்றின்கீழ் இருப்பது என்ன என்று குறிப்பது இதன் வழி. நாற்பது படம், படத்துக்கு ஐந்து புள்ளி என்றால் கோட்டுக்கு இருநூறு புள்ளிகள் வந்துவிடும். நீரில் செலவாகும் நேரம் மிகக் குறைவு; பவள இனங்களை அறிந்தவர் நீரில் இறங்க வேண்டியதே இல்லை. கோரல்நெட், ரீஃப்கிளவுட் போன்ற இணையக் கருவிகளில் படங்களை ஏற்றி, சில நூறு படங்களைக் கையால் குறித்துப் பழக்கினால், மிச்சத்தைக் கணினி குறித்துத் தரும். பெருவகைகளைப் பிரிப்பதில் அது நம்பத்தக்கது. ஒன்றையொன்று ஒத்த பவள இனங்களில் தடுமாறும்.

இந்த முறைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவதற்கு வேறு காரணம் உண்டு. நாடா அளவையில் மிஞ்சுவது ஒருவர் எழுதிய சொல். அவர் 'செத்த பவளம்' என்று எழுதியது சரியா என்று பத்தாண்டு கழித்துக் கேட்க வழியில்லை. படம் அப்படியே இருக்கும். வகைப்பாடு மாறினாலும், அளந்தவர் போய்ப் புதியவர் வந்தாலும், அன்று யாரும் கேட்க நினைக்காத கேள்வி பின்னொரு நாள் எழுந்தாலும், பழைய படத்தைத் திறந்து மறுபடி எண்ணலாம். குறைகளும் உண்டு. மேலிருந்து எடுக்கும் படத்தில் மேசைபோல் விரிந்த பவளத்தின் அடியில் இருப்பது தெரியாது. ஐந்து சென்டிமீட்டருக்குட்பட்ட இளம் பவளங்கள் இடுக்குகளில் ஒளிந்துகொள்ளும். கலங்கிய நீரில் எல்லாமே பழுப்பாகிவிடும். ஆகவே படமெடுக்கும் கோட்டிலேயே, சிறு சதுரச் சட்டங்கள் சிலவற்றை வைத்து இளம் பவளங்களைக் கண்ணால் எண்ணுவதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாறை அடிபட்டபின் மீளுமா என்பதை இளம் பவளங்களின் எண்ணிக்கைதான் முன்கூட்டிச் சொல்லும்.

எந்த முறையை எடுத்தாலும், அதைவிடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் வாதிடுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. கோடுகள் ஆண்டுதோறும் அதே இடத்தில் இருக்க வேண்டுமா, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குலுக்கிப்போட்டு இடம் தேர வேண்டுமா என்பதே அது. பத்துக் கோடுகள், கோட்டுக்குக் கோடு பன்னிரண்டு விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு விலக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் புதிய இடங்களில் அளந்தால், இரண்டு ஆண்டுகளுக்கிடையிலான மாற்றத்தின் பிழை எல்லை ஏறத்தாழ பதினொரு புள்ளி வரும். அதாவது முப்பதிலிருந்து இருபதாகக் குறைந்தால்கூட அது உண்மையான சரிவுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே பத்துக் கோடுகளை நிலையாக அடையாளமிட்டு, ஓர் ஆண்டின் அளவுக்கும் மறு ஆண்டின் அளவுக்கும் உள்ள ஒட்டுறவு 0.9 (முழுப் பொருத்தம் என்றால் 1) என்று கொண்டால், பிழை எல்லை மூன்றரைப் புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. ஆளும் படகும் செலவும் அதேதான். பாறையில் அடித்த சில கம்பிகள் மட்டுமே வேறுபாடு.

நிலைக்கோட்டின் ஆபத்து வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. முதன்முதலாகக் கோடு போடப் போகிறவர்கள், இயல்பாகவே பவளம் செழித்த, பார்க்க அழகான இடத்தைத் தேர்கிறார்கள். உச்சத்தில் இருக்கும் இடம் அடுத்து எப்படி மாறினாலும் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் மாறும். பாறை முழுவதும் அப்படியே இருந்தாலும், தேர்ந்தெடுத்த அந்தக் கோடுகள் தேய்வைக் காட்டும். ஐந்தாண்டு கழித்து எழுதப்படும் அறிக்கை, இல்லாத ஓர் அழிவை அறிவிக்கும். பாறைமேடு, சரிவு, உட்புறத் தேங்குநீர் என்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோட்டின் தொடக்கப் புள்ளியைக் குலுக்கல் முறையில் எடுத்து, எடுத்தபின் அதையே நிலையாக்கிக்கொள்வது இந்தச் சிக்கலைத் தீர்க்கும். குலுக்கலில் வெறும் மணலும் உடைகல்லும் உள்ள இடம் வந்தாலும் அதை மாற்றக்கூடாது. மாற்ற வேண்டும் என்ற ஆசை வரும்.

பெருந்தடுப்புத் திட்டைக் கண்காணிக்கும் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் கழகம், பாறையைச் சுற்றி மேன்டா இழுவையும், ஓரிடத்துக்கு ஐந்து வீதம் மூன்று இடங்களில் ஐம்பது மீட்டர் நிலைக்கோடுகளில் படமெடுப்பதும் ஆக இரண்டையும் செய்கிறது. கப்பலும் ஆளும் உள்ள நிறுவனமே ஒன்றை மட்டும் நம்பவில்லை என்பதைச் சிறிய குழுக்கள் கவனிக்க வேண்டும்.

பவளப்பரப்பு எண் எதனால் மாறியது என்பதற்கு வருவோம். வெண்மையாகத் தெரியும் பவளம் செத்த பவளம் என்று அவசரப்பட்டு எழுதுவது மிகப் பரவலான தவறு. வெளிறிய பவளத்தில் தசை இருக்கிறது. அதனுள் வாழும் நுண்பாசிகள் வெளியேறியதால் கண்ணாடிபோன்ற தசையினூடே எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. வெப்பம் தணிந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தேறக்கூடும். நட்சத்திர மீன் தின்ற வடுவில் தசையே இராது. தின்றது பெரும்பாலும் பக்கத்து இடுக்கில் ஒளிந்திருக்கும். நோயென்றால் உயிருள்ள பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே ஓர் எல்லை, வாரந்தோறும் நகர்ந்துகொண்டிருக்கும். 2014-இல் ஃபுளோரிடாவில் முதலில் காணப்பட்டுக் கரீபியக் கடலின் பெரும்பகுதிக்குப் பரவிய தசையழிவு நோயை இப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். செத்த பவளத்தின் வெண்மை சில நாள்களிலேயே பாசியால் மூடப்படத் தொடங்கிவிடும். ஆகவே வெளிறலுக்குப் பின் மூன்று மாதம் கழித்துச் செல்பவர் பாசி படர்ந்த பவளத்தைத்தான் காண்பார். அதைக் கொன்றது எது என்று அவரால் சொல்ல இயலாது.

இதற்கு மிக மலிவான துணை, குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான கோரல்வாட்ச் நிற அட்டை. ஆறு படிகள் கொண்ட அந்த அட்டையைப் பவளத்தின் அருகே பிடித்து, அதன் மிக வெளிறிய பகுதியையும் மிக அடர்ந்த பகுதியையும் குறித்துக்கொள்வார்கள். இரண்டு படி மாற்றம் வந்தால் நுண்பாசிகளின் அடர்த்தி உண்மையாகவே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்நார்க்கெல் அணிந்து நீந்தத் தெரிந்த எவரும் அரைநாளில் கற்றுக்கொள்வர். ஆண்டு அளவைக்கு இது மாற்றாகாது. வெப்பக் காலத்தில் இரண்டு வாரத்துக்கொருமுறை செய்ய இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மீன்களையும் கடல் முள்ளெலிகளையும் எண்ணாமல் பாறையின் நலத்தைச் சொல்ல முடியாது. பாசியை மேய்ந்து இடத்தைத் துப்புரவாக வைத்திருப்பவை அவை. 1983–84-இல் கரீபியக் கடலில் டயடிமா என்னும் நீள்முள் முள்ளெலிகள் கூட்டமாக மடிந்தபின் பாசி பவளத்தை மூடிய வரலாறு தெரிந்ததே. நடு அமெரிக்கக் கடற்கரையோரப் பாறைகளுக்கு மதிப்பெண் போடும் திட்டம் பவளப்பரப்பு, பெரும்பாசிப் பரப்பு, மேய்மீன் எடை, வணிகமீன் எடை ஆகிய நான்கையும் சேர்த்தே கணக்கிடுகிறது. நாடாவை விரித்தபின் கால்மணி நேரம் ஒதுங்கியிருந்து, மீன்கள் திரும்பி வந்ததும் ஐந்து மீட்டர் அகலப் பட்டையில் எண்ணினால் போதும்.

முப்பரிமாணப் படிமம் பற்றி ஒரு சொல். ஆயிரக்கணக்கான படங்களை இணைத்துப் பாறையின் மேடுபள்ளத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் உருவாக்கும் முறை இப்போது எட்டும் விலைக்கு வந்துவிட்டது. பழைய நாளில் சங்கிலியைப் பாறைமேல் படரவிட்டு அளந்த கரடுமுரடை அது முற்றாகப் பதிலீடு செய்கிறது. ஆனால் திறன்மிக்க கணினியும், அதன்முன் உட்காரும் ஆளும் வேண்டும். மரபணுத் தடயங்களை நீரிலிருந்து எடுப்பதும், பாறையின் ஒலியைப் பதிவதும் ஆய்வகங்களுக்கு உரியவை. மேற்சொன்ன சிறு குழு அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அப்படியானால் எடுக்க வேண்டியது: குலுக்கலில் தேர்ந்து நிலையாக்கிய பத்து முதல் பன்னிரண்டு கோடுகளில் ஆண்டுக்கொருமுறை, அதே மாதத்தில் நிழற்பட அளவை, அதே கோடுகளில் இளம் பவளமும் மேய்மீனும் எண்ணுதல், வெப்பச்சுமை 4-ஐ நெருங்கும்போது நிற அட்டையோடு இறங்குதல். தொடக்கத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பகுதி பிரிக்க மட்டும் பயன்படுத்துவது. படக்கருவி வாங்க வழியில்லாத குழு அரை மீட்டர்ப் புள்ளி நாடாவோடு தொடங்கலாம். கோடு நிலையாக இருக்கும்வரை அதில் பெரிய இழப்பில்லை. இந்தத் தேர்வு பொருந்தாத இடங்கள் இரண்டு. பாறை பல கிலோமீட்டர் நீண்டு, நட்சத்திர மீனே முதற்கவலை என்றால் மேன்டா இழுவையே முன்னால் வர வேண்டும். ஒரு கப்பல் தரைதட்டி உடைத்த இடத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டியிருந்தால், முப்பரிமாணப் படிமத்துக்குச் செலவிடுவது தகும்.

இரண்டு பேர் ஒரே நூறு படங்களைத் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவதை ஒவ்வோர் ஆண்டின் முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். இருவருக்கும் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடு வந்தால், அந்த ஆண்டு பாறையில் கண்ட ஐந்து புள்ளி மாற்றத்தை அறிக்கையில் எழுதுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.